வெற்றுக் கம்பெனியும் முதலீட்டாளரின் சந்தேகமும்

தொழிலும் இல்லை, சொத்தும் இல்லை, வருமானமும் இல்லை என்று தன் கணக்கில் தானே எழுதி அரசாங்கத்திடம் சமர்ப்பித்துவிட்ட ஒரு கம்பெனியின் பங்கு சந்தையில் நாளுக்கு நாள் விலை ஏறுவதும், இது நிலைக்காது என்று விஷயம் அறிந்தவர்கள் பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதை வாங்குவோர் தொகை பெருகுவதும், பங்கு வியாபாரம் தோன்றிய காலம்தொட்டு உலகம் கண்டுவரும் காட்சி. மக்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்று கேட்டு, அதற்குப் பேராசை என்ற ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டாலும் அதற்குப் பின்னால் வேறொரு கேள்வி தீராமல் நிற்கிறது. ஏமாறுகிறவர்களோடு கூடவே சந்தேகிக்கிறவர்களும் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பல சமயங்களில் அவர்களே பெரும்பான்மையினர். அப்படியிருக்க, அவர்களுடைய சந்தேகம் விலையில் ஏன் பிரதிபலிப்பதில்லை? பிரதிபலிக்கச் செய்யும் பொறுப்பு யாரைச் சேர்ந்தது? பொருளியல் அறிஞர்களும், சட்டம் இயற்றியவர்களும், நீதிமன்றங்களும் இதற்கு அளித்திருக்கும் பதில்கள் ஒன்றோடொன்று இசைவன அல்ல.

கேள்வியின் உருவம் தெளிவாகத் தெரிவதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த இரண்டு உதாரணங்களைக் கருதலாம். 2014 ஜூன் மாத நடுவில் 6 சென்ட்டுக்கு விலைபோன சிங்க் டெக்னாலஜி என்னும் கம்பெனியின் பங்கு, ஜூலை 10-ஆம் தேதி 21 டாலரைத் தாண்டியது. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் அதற்கு ஒரு விலாசம் இருந்தது. வருமானம் எதுவும் இல்லையென்று அதன் அறிக்கையே கூறிற்று. நிர்வாகிகளின் பதவிகள் அனைத்தையும் ஒரே மனிதர் வகித்தார். ஏறத்தாழ 29 கோடிப் பங்குகளை அன்றைய உச்ச விலையால் பெருக்கினால் கம்பெனியின் மதிப்பு 600 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கு வந்தது. மறுநாள் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அதன் வியாபாரத்தை நிறுத்திவைத்தது. இரண்டாவது உதாரணம், நியூஜெர்சி மாகாணத்தின் பால்ஸ்போரோ என்ற சிற்றூரில் ஒரே ஒரு சாண்ட்விச் கடையைச் சொத்தாகக் கொண்டிருந்த ஹோம்டவுன் இன்டர்நேஷனல். 2019, 2020 ஆகிய இரு வருஷங்களிலும் சேர்த்து அந்தக் கடையின் விற்பனை 35,748 டாலர். பங்குச் சந்தை அதற்கு அளித்த மதிப்போ 10 கோடி டாலர். டேவிட் ஐன்ஹார்ன் என்ற முதலீட்டு நிர்வாகி 2021 ஏப்ரலில் தம் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சுட்டிக்காட்டிய பின்னரே உலகம் வியந்தது. விஷயமோ அதற்கு முன்பே பகிரங்க ஆவணங்களில் கிடந்தது.

இரண்டு உதாரணங்களிலும் மறைக்கப்படாத உண்மை ஒன்று உண்டு: கம்பெனி வெறுமையானது என்பது. இதனாலேயே இவை சாதாரணக் கணக்கு மோசடிகளைக் காட்டிலும் ஆராய்ச்சிக்கு அதிக உபயோகமானவை.

வெறுமை குற்றமாகுமா?

மேலே செல்லுமுன் ஒரு விவரத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். வெற்றுக் கம்பெனியை ஷெல் கம்பெனி என்பார்கள்; அது பெயரளவுக்கு மட்டும் தொழில் உடையது, அல்லது தொழிலே இல்லாதது. ரொக்கத்தைத் தவிர வேறு சொத்து அநேகமாக இல்லாதது. பென்னி பங்கு என்று அமெரிக்கச் சட்டம் பொதுவாகக் கருதுவது 5 டாலருக்குக் குறைந்த பங்கை. இந்தியாவின் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் ஷெல் கம்பெனி என்பதற்கு இலக்கணமே வகுக்கப்படவில்லை. வியாபாரம் நடத்தாத கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க 248-ஆம் பிரிவு இடம் தருகிறது, அவ்வளவே. தொழில் நொடித்து உடம்பு மட்டும் மிஞ்சிய கம்பெனிகள் உண்டு. வேறொரு தொழிலை இணைத்துக்கொண்டு சந்தைக்குள் நுழைவதற்கென்றே நியாயமாக உருவாக்கப்பட்டவையும் உண்டு. பிற கம்பெனிகளின் பங்குகளை வைத்திருப்பதையே வேலையாகக் கொண்டவையும் உண்டு. வெறுமையைக் கண்டவுடன் வஞ்சனை என்று தீர்மானிப்பது அவசர முடிவாகும். சந்தேகம் சரியான இடத்தில் எழ வேண்டுமென்றால், கம்பெனி வெறுமையாயிருக்கிறது என்பதைவிட, வெறுமையாயிருக்கும் கம்பெனிக்கு இந்த விலை எங்கிருந்து வந்தது என்பதையே அது கேட்க வேண்டும்.

பேராசை என்ற பழைய பதில்

ஜனங்களின் சபலமே காரணம் என்னும் வாதத்துக்கு வயது முந்நூறு வருஷங்களுக்கு மேல். 1720-இல் லண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்கு ஜனவரியில் ஏறத்தாழ 128 பவுனாக இருந்து கோடையில் 1,000 பவுனை நெருங்கி, வருஷ முடிவில் 200-க்கும் கீழே வீழ்ந்தது. அதன் நிழலில் முளைத்த சிறு கம்பெனிகள் பல இன்றைய ஷெல் கம்பெனிகளின் முன்னோர்கள் என்று சொல்லத்தக்கவை. 1841-இல் சார்லஸ் மக்கே எழுதிய நூல் இந்த விருத்தாந்தத்தைக் கூட்டப் பைத்தியம் என்ற நோக்கில் சித்திரித்து, பிற்காலத்தார் மனத்தில் அழியாமல் பதித்துவிட்டது. என்ன தொழிலென்று ஒருவருக்கும் சொல்லப்படாத ஒரு கம்பெனிக்கு மக்கள் பணம் கட்டினார்கள் என்று அதில் வரும் கதையை இன்றும் பலர் எடுத்தாளுகிறார்கள். ஆனால் அது சரித்திர உண்மைதானா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கு நியாயமான சந்தேகம் இருக்கிறது.

இந்த வாதத்தை நவீன காலத்தில் செம்மைப்படுத்தியவர்கள், பைத்தியம் என்ற சொல்லைக் கைவிட்டுச் சூதாட்ட விருப்பம் என்று பேசினார்கள். அலோக் குமார் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, லாட்டரிச் சீட்டு வாங்கும் வகுப்பினருக்கும், விலை குறைந்து ஏற்ற இறக்கம் மிகுந்த பங்குகளை விரும்பும் வகுப்பினருக்கும் ஒற்றுமை இருப்பதைக் காட்டியது. நஷ்டம் சிறிது, லாபம் எதிர்பாராத அளவு பெரிது என்ற நம்பிக்கை அந்தப் பங்குகளின் மலிவிலேயே பிறக்கிறது. ஒரு லட்சம் பங்குக்குச் சொந்தக்காரர் என்ற எண்ணமே சாமானியருக்கு ஒரு சுகத்தைத் தருகிறது.

பேராசை வாதத்தின் பலவீனம், வாங்குகிறவர்கள் எல்லாரையும் ஒரே இனமாகக் கருதுவது. 1720-இல் லண்டனில் ஹோர் குடும்பத்தாரின் வங்கி, தென்கடல் பங்கின் விலை அளவுக்கு மீறியது என்று கருதியதாகவே அதன் கடன் நடைமுறை காட்டியிருந்தும், அதே பங்கை வாங்கி விற்று நல்ல லாபம் அடைந்தது என்று பொருளியல் அறிஞர்கள் டெமினும் வோத்தும் 2004-இல் நிறுவினார்கள். ஜெர்மனியில் முதலீட்டாளர்களின் கணக்குகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, பிரசாரத்தால் விலை தூண்டப்பட்ட பங்குகளில் ஏறத்தாழ 6 சதவீதத்தினர் ஒரு முறையாவது பணம் போட்டதாகவும், சராசரியில் போட்டதில் ஏறத்தாழ 30 சதவீதத்தை இழந்ததாகவும் கண்டது. அவர்களுள் ஒரு சாரார், விலை செயற்கையானது என்று தெரிந்தே, தமக்குப் பின் வருபவர் தலையில் கட்டிவிடலாம் என்று நுழைந்தவர்களாகத் தோன்றுகிறார்கள். ஆகவே சந்தேகமும் வாங்குதலும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வாழக்கூடும். 1936-இல் கெயின்ஸ், பங்கு வியாபாரி ஒருவர் தம் அபிப்பிராயத்தைவிடப் பிறர் அபிப்பிராயம் எப்படி மாறும் என்பதையே கணிக்கிறார் என்று எழுதியது இதற்குத்தான் மிகவும் பொருந்துகிறது. சந்தேகம் உடையவர் விலகி நிற்பார் என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை.

விலையே தீர்ப்பு என்ற சித்தாந்தம்

இதற்கு நேர் எதிரான சித்தாந்தம், சந்தை அறிந்ததையெல்லாம் விலை அறிந்திருக்கும் என்பது. 1970-இல் யூஜின் ஃபாமா இதற்கு நிலையான உருவம் கொடுத்தார். இதைப் பின்பற்றுவோர் சிங்க் போன்ற உதாரணங்களைக் கண்டு கலங்குவதில்லை. 29 கோடிப் பங்குகளில் உண்மையில் கைமாறியவை மிகச் சொற்பம். கடைசியில் விற்ற சில பங்குகளின் விலையால் எல்லாப் பங்குகளையும் பெருக்கி வருகிற 600 கோடி வெறும் பெருக்கல் கணக்கேயன்றி, எவரும் கொடுக்கத் தயாராயிருந்த தொகை ஆகாது என்பது அவர்கள் கூற்று. இது சரியான கூற்றுத்தான். பத்திரிகைகளில் வரும் மலைப்பூட்டும் மதிப்புகளைப் படிக்கும்போது ஒவ்வொருவரும் இதை நினைவில் கொள்ள வேண்டும். எனினும், அந்தச் சொற்பமான பங்குகளையாவது 21 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் மெய்யான மனிதர்கள். அவர்கள் இழந்தது மெய்யான பணம்.

1980-இல் கிராஸ்மனும் ஸ்டிக்லிட்ஸும், விலையே எல்லாத் தகவலையும் தாங்கி நிற்குமானால் தகவலைத் தேடச் செலவு செய்ய ஒருவரும் முன்வரமாட்டார்கள் என்று காட்டி, இந்தச் சித்தாந்தத்தின் அடிப்படையிலேயே ஒரு முரண்பாட்டைக் கண்டார்கள். ஆனால் வெற்றுக் கம்பெனியின் விஷயத்தில் தகவல் தேடச் செலவே இல்லை. ஆண்டறிக்கையின் சில பக்கங்களைப் புரட்டினால் போதும். அறிவது மலிவாக இருந்தும் விலை திருந்தவில்லையென்றால், அருமையாயிருப்பது அறிந்ததைச் செயலாக்கும் வழியே என்று அனுமானிக்க வேண்டியிருக்கிறது.

சந்தேகத்துக்கு வழி அடைபட்ட சந்தை

என் நோக்கில் இந்த விவாதம் முழுவதிலும் பலமான பதிலுக்கு வித்திட்டவர் எட்வர்ட் மில்லர். 1977-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையின் தர்க்கம் எளியது. ஒரு பங்கைப் பற்றி ஆயிரம் பேருக்கு ஆயிரம் அபிப்பிராயம் இருக்கும். நம்புகிறவர் வாங்கித் தம் அபிப்பிராயத்தை விலையில் பதிக்கிறார். நம்பாதவரிடம் ஏற்கெனவே பங்கு இருந்தால் விற்கலாம், இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய இயலாது. பங்கைக் கடன் வாங்கி விற்று, விலை இறங்கியபின் வாங்கித் திருப்பித் தருவதற்கு வழி இல்லாத சந்தையில், அதிகம் நம்புகிற சிலரின் குரலே விலையாகிறது. மற்றவர்களின் மௌனம் சம்மதமாகக் கணக்கிடப்படுகிறது. பங்குத் தேர்தல் ஒன்று நடப்பதாக வைத்துக்கொண்டால், அதில் ஆதரவு வாக்குச் சீட்டு மட்டுமே அச்சிடப்பட்டிருக்கிறது.

நடைமுறை இதை எவ்வளவு தூரம் உறுதிப்படுத்துகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அமெரிக்காவில் மலிவான பங்கைக் கடன் வாங்கி விற்க விரும்புகிறவர் பங்கு ஒன்றுக்குக் குறைந்தது இரண்டரை டாலர் ஈடு வைக்க வேண்டும். 6 சென்ட் விலையுள்ள பங்குக்கு இது விலையைப்போல் நாற்பது மடங்கு. கடன் கொடுக்கப் பங்கு கிடைப்பதும் அரிது. அப்படியே விற்றுவிட்டாலும் விலை மேலும் ஏறினால் நஷ்டத்துக்கு எல்லை இல்லை. சிங்க் பங்கின் இறுதி ஏற்றத்துக்கு, அது விழும் என்று நம்பி விற்றவர்கள் பயந்து திரும்ப வாங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அப்போதே சிலர் அனுமானித்தனர். அது உண்மையானால், சந்தேகமே விலையை ஏற்றிவிட்டது என்றாகிறது. ஷ்லைஃபரும் விஷ்னியும் 1997-இல் எழுதியதுபோல, சரியான அபிப்பிராயம் உடையவரும் அது சரியென்று தெரியவரும் நாள்வரை தாக்குப்பிடிக்கப் பணம் இல்லாமல் ஓய்ந்துபோகக்கூடும்.

இந்தியாவில் இந்த வழி இன்னும் குறுகியது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம் அனுமதிக்கப்பட்ட பெரிய கம்பெனிகள் தவிர மற்றவற்றில் சாமானிய முதலீட்டாளர் அன்றைய தினத்துக்குள் வாங்கி முடிப்பதாக மட்டுமே முன்கூட்டி விற்க முடியும். கண்காணிப்புக்கு உட்பட்ட சிறு பங்குகளை, ஒவ்வொரு வியாபாரத்திலும் பங்கைக் கைமாற்றியே தீர வேண்டிய டிரேட் டு டிரேட் பிரிவில் சேர்த்துவிட்டால் அதுவும் இல்லை. தினசரி விலை வரம்பு விதிக்கப்பட்ட பங்கு மேல் வரம்பான அப்பர் சர்க்யூட்டில் நிற்கும்போது விற்பவர் இல்லை, கீழ் வரம்பான லோயர் சர்க்யூட்டில் நிற்கும்போது வாங்குபவர் இல்லை. உள்ளே அகப்பட்டவருக்குச் சந்தேகம் வந்துவிட்டாலும் வெளியேறக் கதவு திறப்பதில்லை. முதலீட்டாளரைக் காப்பதற்காக விதித்த கட்டுப்பாடே அவருடைய சந்தேகத்தைக் கட்டிப்போடுகிறது என்பது வருந்தத்தக்க நிலை.

மில்லரின் வாதத்துக்கும் மறுப்பு உண்டு. 1987-இல் டயமண்டும் வெரெக்கியாவும், எதிர்ப்பவர்கள் வாய் திறக்க முடியாது என்பதை வாங்குபவர்கள் அறிந்திருந்தால், அதற்கு ஈடாகத் தாமே விலையைக் குறைத்து மதிப்பார்கள் என்று காட்டினார்கள். வாங்குபவர் விவேகி என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் இந்த மறுப்பு, பெரிய கம்பெனிகளுக்குப் பொருந்தலாம். யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்த டிப்ஸைக் கேட்டு ஆயிரம் ரூபாய் போடும் மனிதருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. சாதனா பிராட்காஸ்ட் என்ற கம்பெனியின் பங்கைப் பற்றி 2022-இல் யூடியூபில் நடந்த பிரசாரமும், அது பற்றி 2023 மார்ச்சில் இந்தியப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி பிறப்பித்த உத்தரவும் இங்கே நினைக்கத்தக்கவை. அந்தப் பிரசாரம் நடந்த 2022-ஆம் வருஷம் ஆகஸ்டில்தான், பங்குகளை வைத்திருப்பதற்கான டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை நம் நாட்டில் 10 கோடியைக் கடந்தது.

விலை அபிப்பிராயமே அல்லாதபோது

இதுவரை கண்ட வாதங்கள் எல்லாம், விலை என்பது எவரோ ஒருவருடைய நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டன. கல்கத்தாவை மையமாகக் கொண்டு நடந்த ஒரு வியாபாரம் அந்த அடிப்படையையே அசைத்துவிடுகிறது. 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, பங்குச் சந்தையில் வரி செலுத்தி விற்கப்படும் பங்கை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் கிடைக்கும் லாபத்துக்கு வருமான வரி விலக்கு இருந்தது. வருமான வரித்துறையின் குற்றச்சாட்டின்படி முறை இதுதான்: கணக்கில் வராத பணம் உடையவர் ஒரு வெற்றுக் கம்பெனியின் பங்கை மிக மலிவாகப் பெறுகிறார், விலையை ஆட்டிவைக்கும் ஆப்பரேட்டர்கள் தம் ஆட்களுக்குள்ளேயே வாங்கி விற்று விலையைப் பல மடங்கு ஏற்றுகிறார்கள், வருஷம் முடிந்ததும் அவருடைய ரொக்கமே வேறு வெற்றுக் கம்பெனிகளின் வழியாகச் சுற்றிவந்து அந்தப் பங்கை வாங்குகிறது, கறுப்புப் பணம் வரியில்லாத லாபமாக வெளுத்து வருகிறது.

இங்கே வாங்கியவரும் விற்றவரும் ஏமாறவில்லை. விலையை எவரும் நம்பவும் இல்லை. விலைப் படத்தை மட்டும் கண்டு, நடுவில் நுழைந்த வெளியாருக்கே நஷ்டம். இப்படிப்பட்ட பங்கில் கம்பெனியின் தொழிலையும் லாபத்தையும் ஆராய்ந்து சந்தேகிப்பது பயனற்ற முயற்சி. மனோதத்துவ ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதது ஒரு குறை என்றே கருதுகிறேன்.

வெளிப்படுத்தினால் போதுமா?

சட்டம் இயற்றியவர்கள் இரண்டு வழிகளுக்கு இடையே ஊசலாடியிருக்கிறார்கள். 1911-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணம், வெளியீட்டின் தகுதியை அதிகாரியே பரிசீலித்து அனுமதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1933-ஆம் வருஷத்து மத்தியச் சட்டமோ, உண்மையை முழுதும் வெளிப்படுத்தினால் போதும், தீர்மானிப்பது முதலீட்டாளர் பொறுப்பு என்றது. இந்தியா இரண்டையும் அனுபவித்துப் பார்த்த நாடு. 1947-ஆம் வருஷத்து மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அதிகாரியின் அனுமதியில்லாமல் பங்கு வெளியிட முடியாது. 1992-இல் அது ரத்தாகி, செபியின் கீழ் வெளிப்படுத்தும் முறை வந்தது. அதற்கு அடுத்த சில வருஷங்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகள் வந்தன. அவற்றுள் 200-க்கு மேற்பட்ட கம்பெனிகள் பணத்தைப் பெற்றபின் விலாசமே தெரியாமல் மறைந்தன. பழைய முறையின் தாமதமும் தயவு தாட்சணியமும் எவரும் திரும்ப விரும்பத்தக்கவை அல்ல. ஆயினும் சிங்க் தன் வெறுமையை வெளிப்படுத்தியே இருந்தது என்பதை எண்ணும்போது, வெளிப்படுத்தலே மருந்து என்ற கட்சி தன் பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அரசாங்கமே சந்தேகிக்கும்போது

சாமானியரின் சந்தேகத்துக்கு வலிமை இல்லையென்றால், அரசாங்கமே சந்தேகிக்கட்டும் என்ற வாதம் இயல்பாகவே எழுகிறது. 2017 ஆகஸ்ட் 7-ஆம் தேதி செபி, ஷெல் என்று ஐயுறப்பட்ட 331 கம்பெனிகளின் பட்டியலைப் பங்குச் சந்தைகளுக்கு அனுப்பி, அவற்றின் வியாபாரத்தை மாதத்துக்கு ஒரு நாளாகச் சுருக்கியது. அந்தப் பட்டியலில் மும்பை மெட்ரோ வேலைகளைச் செய்துகொண்டிருந்த ஜே. குமார் இன்ஃப்ராபிராஜெக்ட்ஸும் இருந்தது. மூன்றே நாட்களில் பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், விசாரணை ஏதுமின்றிச் செய்யப்பட்டது என்று கூறி, அதன் விஷயத்திலும் பிரகாஷ் இண்டஸ்ட்ரீஸ் விஷயத்திலும் செபியின் உத்தரவுக்குத் தடை விதித்தது. அந்த மூன்று நாட்களும் பட்டியலில் சிக்கிய கம்பெனிகளின் பங்கை நம்பி வைத்திருந்தவர்களுக்கு என்ன நியாயம் கிடைத்தது?

நீதிமன்றங்களும் ஒரு குரலில் பேசவில்லை. பென்னி பங்கு லாபத்தைப் போலியென்று வரித்துறை தள்ளிய வழக்கில், விலையேற்றம் ஆச்சரியகரமானதாயினும் சந்தேகம் நிரூபணத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது என்ற நிலையை டில்லி உயர் நீதிமன்றம் 2021-இல் எடுத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றமோ 2022-இல், இத்தகைய ஏற்பாடுகளுக்கு நேரடிச் சாட்சியம் கிடைப்பது அரிது, சூழ்நிலைகளையும் மனித இயல்பின் சாத்தியங்களையும் கொண்டே தீர்மானிக்க வேண்டும், லாபம் மெய்யானதென்று காட்டும் சுமை அதைப் பெற்றவரையே சேரும் என்றது. இரண்டும் அற்பமான வாதங்கள் அல்ல. முதலாவது, யதேச்சையாக வாங்கி லாபம் கண்ட நிரபராதியைக் காக்கிறது. இரண்டாவது, சாட்சியமே விடாமல் காரியம் செய்யக் கற்றவர்களைத் தப்பவிட மறுக்கிறது.

சந்தேகம் முழுதும் தவறிப்போகக்கூடும் என்பதற்கு எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸின் கதை சாட்சி. சொந்தத் தொழில் சொல்லும்படியாக இல்லாத அந்தக் கம்பெனியின் பங்கு விலை 3 ரூபாய் 53 காசாக இருந்தது. அதன் வசம் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் பெறும் ஏசியன் பெயிண்ட்ஸ் பங்குகள் இருந்தன. விஷயம் அறிந்த எவரும் அந்த விலைக்கு விற்க முன்வராததால் வியாபாரமே அநேகமாக நின்றிருந்தது. பம்பாய்ப் பங்குச் சந்தை நடத்திய விசேஷ ஏலத்தை அடுத்து, 2024 அக்டோபர் 29-ஆம் தேதி அதன் விலை 2,36,250 ரூபாயாயிற்று. மலிவையும் வெறுமையையும் அடையாளமாக வைத்துக்கொண்டு சந்தேகித்தவர் இங்கே தோற்றிருப்பார்.

தீராமல் நிற்பவை

இந்தப் பதில்களை ஒருங்கே வைத்து நோக்கும்போது, பேராசை வாதம் பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைப்பதாகவும், வழி அடைபட்ட சந்தை என்னும் வாதம் மற்றவற்றைவிட அதிக உதாரணங்களை விளக்குவதாகவும் தோன்றுகிறது. இதனால் மட்டும், சிறு பங்குகளையும் கடன் வாங்கி விற்கத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட முடியாது. பொய்ப் பிரசாரத்தால் விலையை ஏற்றத் தெரிந்தவர்களுக்குப் பொய்ப் பிரசாரத்தால் இறக்கவும் தெரியும். பொறுப்பைச் சாமானியர் மேலும் அரசாங்கத்தின் மேலும் மாறி மாறி ஏற்றுவதைவிட, கணக்கில் கையெழுத்திடும் ஆடிட்டர், பங்கைச் சந்தைக்குக் கொண்டுவரும் இடைத்தரகர், விலை கூறும் புரோக்கர் ஆகியோரிடம் கேட்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்; வெறுமையை மற்றவர்களுக்கு முன்பே கண்டவர்களும், அதனால் கட்டணம் பெற்றவர்களும் அவர்களே.

அமெரிக்கா இந்தத் திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. 1971-இல் பிறந்த ஒரு விதி, கம்பெனியைப் பற்றிய நடப்புத் தகவலைப் பரிசீலித்த பிறகே புரோக்கர் விலை கூறலாம் என்றது. எனினும் முன்பே ஒருவர் விலை கூறிவந்தால் மற்றவர்கள் அதைத் தொடரலாம் என்ற சலுகையால் விதி தளர்ந்தது. தூங்கிக்கிடந்த 379 ஷெல் கம்பெனிகளின் வியாபாரத்தைப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2012 மே மாதத்தில் ஒரே நாளில் நிறுத்த நேர்ந்தது இந்தத் தளர்ச்சியின் அளவை உணர்த்துகிறது. 2020-இல் திருத்தப்பட்டு 2021 செப்டம்பர் 28 முதல் அமலுக்கு வந்த புதிய ஏற்பாடு, நடப்புத் தகவல் தராத கம்பெனிக்குப் பொதுவில் விலை கூறுவதையே தடுக்கிறது. புதிதாக நுழைபவருக்கு இது காப்பு என்பதில் ஐயமில்லை. ஏற்கெனவே பங்கை வாங்கிவிட்டு, தம் தவறு ஏதுமின்றி, விலையும் வாங்குவோரும் இல்லாத பத்திரத்துடன் நிற்பவரின் நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு, இதுவரை முன்வைக்கப்பட்ட வாதங்களுள் எதுவும் எனக்குத் திருப்தியான விடையாகத் தோன்றவில்லை.